விஜிலாவின் ஏழாம் நம்பர் டேப்

விஜிலாவின் வீட்டில் யாருக்கும் கோபம் லேசில் வராது. வந்தால் போகவும் போகாது. அவளுடைய அப்பா ஒரு நங்கூரக் கயிற்றுக்காகக் கூடப்பிறந்த தம்பியிடம் பதினொரு வருஷம் பேசாமல் இருந்தவர். தம்பி செத்த அன்று தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அவர்கள் ஊரான திரேஸ்புரத்தில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். விஜிலா மட்டும் சிரிக்க மாட்டாள். அவர் செய்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் அவளுக்கு வேலை. சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டியைச் சோதித்து, நல்ல பெட்டியா ஓட்டைப் பெட்டியா என்று சொல்ல வேண்டும். பெட்டிக்குள் போய்க் கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வாள். கும்மிருட்டில், அடுப்புக்குள் நிற்பது போன்ற சூட்டில், மேலேயும் பக்கவாட்டிலும் பார்ப்பாள். எங்கேயாவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. ஒன்பது வருஷமாக இதைத்தான் செய்தாள். அவள் சரி என்று சொன்ன பெட்டியில் ஒரு தடவைகூடத் தண்ணீர் இறங்கியதில்லை. அவளுடைய கணவன் டெரன்ஸ் இழுவைக் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறான். ஒரே மகள் ஏஞ்சலின் ஒன்பதாம் வகுப்பு.

முன்பெல்லாம் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். பிறகு கம்பெனி, டேப் என்று எல்லாரும் சொல்லும் டேப்லெட்டை ஆளுக்கொன்று கொடுத்தது. அதிலேயே படம் எடுத்து அனுப்பினால் தலைமை அலுவலகம், கப்பல் கம்பெனி, சரக்குக்காரர், ஷிப்ட் மேலாளர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். விஜிலாவுக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர். மற்ற டேப்புகளைவிட ஒரு வருஷம் பழையது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு வியாழக்கிழமை, வன்னியபெருமாள் என்பவரின் சரக்குக்காக வந்த பெட்டியைச் சோதித்தாள். நிலாவரை இலை, மருந்துக்காக ஐரோப்பாவுக்குப் போவது. கூரையின் மூலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஷிப்ட் மேலாளர் செல்வதுரையைக் கூப்பிட்டாள். அவரும் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். அவள் நான்கு படம் எடுத்தாள்.

"கப்பலுக்கு நேரம் ஆகுதும்மா. வேற பெட்டி இல்ல. சிலிக்கான் பசை வச்சு அடச்சிட்டு ஏத்துங்க" என்றார் அவர்.

"மழ பெய்யுது சார். நிக்காது. நான் இத ஓட்டைன்னுதான் போடுவேன்."

"போடு, போடு" என்றார்.

அவள் போட்டாள். ஆனால் படம் போகவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் செயலியைத் திறந்தபோது, பழைய பதிப்பு நிறுத்தப்பட்டது, புதியதைப் போடவும் என்று வந்தது. புதியதைப் போடப் போனால், இந்த டேப்பின் இயங்குதளத்துக்கு அது ஒத்துவராது, முதலில் அதை அப்டேட் செய்யவும் என்று வந்தது. அப்டேட்டைத் தேடினால், உங்கள் டேப் புதிய நிலையில்தான் இருக்கிறது என்று வந்தது.

செல்வதுரை தன் கம்ப்யூட்டரில் அவள் பெயரிலேயே 'நல்ல பெட்டி' என்று போட்டுச் சரக்கை அனுப்பிவிட்டார். பெட்டியை ஒதுக்கி வைத்திருப்பார் என்றே நினைத்திருந்த அவளுக்கு இது மார்கழியில்தான் தெரிந்தது. இலை முழுக்கப் பூசணம் பிடித்து ஐரோப்பாவில் இறங்கியபின், அவள் கையில் மெமோ வந்தது. சோதிக்காமலே சான்று கொடுத்ததாகக் குற்றச்சாட்டு.

மெமோவைக்கூடத் தாங்கியிருப்பாள். ஆனால் செல்வதுரை டீக்கடையில் நின்று வேறொன்றையும் சொன்னார். "நமக்குத் தெரியாம லாரிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு விட்டிருக்கா. பொம்பளன்னு நம்புனது தப்பு." இரண்டே நாளில் அது யார்டு முழுக்கப் பரவி, அங்கிருந்து தெருவுக்கு வந்து, ஏஞ்சலின் படிக்கும் வகுப்புக்குள் நுழைந்தது. பிள்ளை அழுதுகொண்டு வந்து கேட்டாள். விஜிலா மீனைக் கழுவி முடித்தாள்.

அந்தக் குடும்பக் கோபம் அவளுக்கு அன்றைக்கு ஆரம்பித்தது.

கம்பெனியில் கம்ப்யூட்டர் விவகாரங்களைப் பார்க்கிறவள் ஜெயபிரியா, சாகுபுரத்துப் பெண். விஜிலா அவளிடம் டேப்பைக் கொண்டுபோனாள்.

"படம் உள்ளதான் இருக்குக்கா. அழியல. அப்டேட் வந்து, புது ஆப் போட்டுத் திறந்தா தானாப் போயிரும்."

"எப்ப வரும்?"

"டேப் செஞ்ச கம்பெனிக்காரன் வரும் வாரங்கள்லன்னு போட்டிருக்கான். ஊர் ஊரா, கொஞ்சம் கொஞ்சமா விடுவான். வராமலே போனாலும் போகும். ஒண்ணு மட்டும் சொல்லுதேன், ரீசெட் மட்டும் பண்ண விட்றாதீங்க. எல்லாம் போயிரும்."

செல்வதுரைக்கும் அது தெரிந்திருந்தது. மறுநாளே வந்து கேட்டார். "அந்தக் கெட்டுப்போன டேப்பக் கொடும்மா. ரீசெட் பண்ணி வேற ஆளுக்குக் கொடுக்கணும்."

"எழுத்துல கொடுங்க சார். பதிவேட்டுல என் பேருல இருக்கு. ரீசெட் பண்ணச் சொன்னது நீங்கன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா இப்பவே தாரேன்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. பதிலுக்கு அவளைப் பெட்டி கழுவும் இடத்துக்கு மாற்றினார். யார்டு வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றினார். அவள் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு அழுக்குத் தண்ணீரில் நின்றாள். டேப்பைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும், சாப்பாட்டு வேளையில், வேலை விட்டு வரும் பஸ்ஸில், செல்போன் இணைப்பைக் கொடுத்து அப்டேட் வந்திருக்கிறதா என்று தேடுவாள். புதிய நிலையில்தான் இருக்கிறது என்று அது பொய் சொல்லும். மார்கழி போய்த் தையும் போனது. டேப் சூடாகாமல், பாட்டரி உப்பாமல், கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். செல்வதுரையின் முகம் எப்படி மாறும், முதலில் உதடு துடிக்குமா கண் தாழுமா என்று பெட்டி கழுவும்போது யோசிப்பாள். அந்த யோசனையில் வேலை சுலபமாக ஓடியது.

டெரன்ஸுக்குப் பயமாக இருந்தது. "ஏளா, விட்டுத் தொல. வேற யார்டுல கேப்போம். இப்படியே இருந்தா ஒனக்குத்தான் ஒடம்பு கெடும்."

"நான் நல்லாத்தான் இருக்கேன். சோறு எறங்குது, ஒறக்கம் வருது. அவரு கெடணும்ங்க. அதப் பாக்காம நான் எங்கயும் வரல."

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம் வந்தது. செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள் மகளை அடித்தது, மாமியாரை ஏசியது எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னாள். செல்வதுரை கெட வேண்டும் என்று காத்திருப்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மன்னிக்கச் சொல்லிவிடுவார்.

விசாரணைக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வழக்கம்போலத் தேடினாள். புதிய பதிப்பு தயாராக இருக்கிறது என்று வந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஜிபி. அவள் செல்போனில் ஒரு நாளைக்கு ஒன்றரைதான். யார்டு வைஃபை அவளுக்கு மூடிக் கிடந்தது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறி, நேராக வன்னியபெருமாளின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனாள். அறுபது வயதுக்காரர். இலை மூட்டைகளுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"நீதானா அது? எந்த முகத்த வச்சிக்கிட்டு இங்கன வந்த? இருவத்தாறு வருஷமா என் சரக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்ல."

"அண்ணாச்சி, ஒங்க வைஃபை ரெண்டு மணி நேரம் வேணும். அதுக்கப்புறம் போன்னு சொல்லுங்க, போயிருதேன்."

அவர் அவளையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடவுச்சொல் எழுதிய அட்டையை அவள் பக்கம் தள்ளினார். உட்காரச் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே சார்ஜர் கம்பியைச் சொருகினாள்.

பத்து சதவீதம். பதினான்கு. கரண்ட் போய் வந்தது. இருபத்தேழில் வெகுநேரம் நின்றது. கணக்குப்பிள்ளை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். ஐம்பது தாண்டியபோது வன்னியபெருமாள் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எண்பதில் டீ வந்தது. அதன்பின் திரை முழுக்கக் கறுத்து, ஒன்றுமே தெரியாமல் இருந்த எட்டு நிமிஷம் அவள் மூச்சுவிட்டாளா என்பது அவளுக்கே நினைவில்லை. டேப் மறுபடி உயிர் பெற்றதும் புதிய செயலியையும் இறக்கினாள். படம் தானாகப் போய்விடக் கூடாதென்று, திறப்பதற்கு முன்னால் மட்டும் வைஃபையை அணைத்தாள்.

நான்கு படமும் இருந்தன. தேதி, மணி, இடம் எல்லாம் அடியில் பதிந்திருந்தது. மூன்றில் ஓட்டை. நான்காவதில் செல்வதுரை. இருட்டுப் பெட்டிக்குள் அண்ணாந்து நிற்கிறார். கூரை ஓட்டையிலிருந்து இறங்கிய வெளிச்சம் அவர் நெற்றியில் வட்டமாக விழுந்திருக்கிறது.

வன்னியபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "இப்பவே அனுப்பும்மா."

"இல்ல அண்ணாச்சி. அவரு இன்னும் ஒரு தடவ பொய் சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை யார்டு அலுவலகத்தில் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து நேசக்குமார் என்ற அதிகாரி வந்திருந்தார். ஒரு பக்கம் செல்வதுரை, எதிரே வன்னியபெருமாள், ஓரத்தில் ஜெயபிரியா. விஜிலா இஸ்திரி போட்ட சேலை கட்டி வந்திருந்தாள்.

"நான் ஒரு கேள்வி கேக்கலாமா சார்?" என்று நேசக்குமாரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செல்வதுரையைப் பார்த்தாள். "அன்னைக்கு அந்தப் பெட்டிக்குள்ள நீங்க வந்தீங்களா?"

"இல்ல."

"ஓட்டையப் பாக்கலயா?"

"நான் அந்தப் பக்கமே போகலம்மா. நீ சொன்னாத்தான எனக்குத் தெரியும்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். பிள்ளைக மேல சத்தியமாச் சொல்லுவீங்களா?"

"சத்தியமா."

"இத எழுதிக்கிடுங்க சார்" என்றாள் நேசக்குமாரிடம். அவர் எழுதினார். செல்வதுரை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபின் விஜிலா பைக்குள்ளிருந்து டேப்பை எடுத்தாள். ஜெயபிரியா எழுந்து வந்து வைஃபையைப் போட்டுக் கொடுத்தாள். வட்டம் நாலைந்து சுற்றுச் சுற்றி நின்றது.

நேசக்குமாரின் செல்போன் ஒலித்தது. வன்னியபெருமாளின் செல்போன் ஒலித்தது. ஷிப்ட் மேலாளர் என்பதால் செல்வதுரையின் செல்போனும் ஒலித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். விஜிலா இமைக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் துடித்தது உதடுதான்.

இடைவேளையில் அவர் வராந்தாவில் அவளிடம் வந்தார். "விஜிலா, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்கம்மா. வேல போச்சுன்னா..."

"எனக்கும் ஒண்ணு இருக்கு சார். ஒங்கம்மா காசு வாங்குனாளான்னு அவட்ட வகுப்புல கேட்டாளுக. அன்னைக்கு ஒங்களுக்கு ஒங்க பிள்ளைக நெனப்பு வரலயே."

நேசக்குமார் சுமுகமாக முடிக்கப் பார்த்தார். மெமோவைத் திரும்பப் பெறுகிறோம், பழைய வேலை தருகிறோம், செல்வதுரையை வெளியே அனுப்புகிறோம், அவர் தனியாக ஒரு வருத்தக் கடிதம் தருவார் என்றார்.

"கடிதம் எனக்கு வேண்டாம் சார். என்னைப் பத்திச் சொன்னது டீக்கடையில. இதையும் அங்கயே சொல்லட்டும்."

சனிக்கிழமை காலை ஷிப்ட் மாறும் நேரத்தில், யார்டு வாசல் டீக்கடை முன்னால், ஐம்பது அறுபது பேர் நிற்க, செல்வதுரை ஒரு தாளை வாசித்தார். பாதியில் நிறுத்தினார். "கேக்கல சார், சத்தமா" என்றாள் விஜிலா. அவர் முதலிலிருந்து வாசித்தார்.

அவள் நான்கு நாள் கழித்துப் பழைய வேலைக்குத் திரும்பினாள். வன்னியபெருமாள் இப்போது தன் பெட்டிகளை அவள்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார். செல்வதுரை கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பதாகக் கேள்வி.

போன மாசம் புது பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தாள். கயத்தாறு வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். அவளைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "பாவமாத்தான் இருக்கு, வா போவோம்" என்று டெரன்ஸ் கையைப் பிடித்து இழுத்தான். விஜிலா நகரவில்லை. பஸ் கிளம்பி ரோட்டில் திரும்பும் வரை அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.