சிவப்புக் கோட்டுக்குள் ஒரு விரால்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அப்பாவுக்கு நீண்ட லீவு கிடைத்தது. அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் தெருவில் மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் ஷிப்ட் முடிந்து வந்து பகலெல்லாம் தூங்குவார்கள். அவர்களை எழுப்பிவிடாமல் பிள்ளைகள் நுனிக்காலில் நடக்க வேண்டும். என் அப்பா மட்டும் பகலெல்லாம் விழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

லீவு கிடைத்தவர் தினமும் மீன் பிடிக்கப் போனார். உத்தனப்பள்ளி ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் மண்பாதையில், கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி இருந்தது. மூன்று பக்கமும் செங்குத்தாக அறுத்த பாறை. ஒரு பக்கம் மட்டும் முன்பு லாரி இறங்கிய சரிவு. மழைத்தண்ணீர் தேங்கித் தேங்கி எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாத ஒரு குளமாகிவிட்டது. ஏரித்தண்ணீர் மாதிரி கலங்கலாக இருக்காது. சோடா பாட்டில் பச்சையில் தெளிவாக இருக்கும். அந்தச் சரிவில் அப்பா காலையில் போய் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் வருவார். ஒரு மீன்கூடக் கொண்டுவந்தது கிடையாது.

அம்மா எல்.இ.டி. விளக்குகளுக்கு போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா வந்துட்டாரா?" என்றுதான் கேட்பாள். மீன் வராத கோபம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மா கேட்டாள்.

"அந்தப் பள்ளத்துல மீன் இருக்குதா, இல்லியா?"

"இருக்குது," என்றார் அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"கண்ணால பாத்தீங்களா?"

"தண்ணிக்குள்ள இருக்கறத எப்பிடிப் பாக்கறது?"

"அப்ப பாத்துடலாம்," என்றாள் அம்மா. கடைக்குப் போய் உப்பு வாங்கிவரலாம் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் மாமா வந்தார். அவர் அம்மாவின் தம்பி. கார்களுக்கு ஸ்பீக்கரும் சீட் கவரும் மாட்டிக் கொடுக்கும் கடையில் வேலை. பையிலிருந்து ஒரு ரிவர்ஸ் கேமராவை எடுத்து வைத்தார். காரைப் பின்னால் எடுக்கும்போது பின்பக்கம் என்ன இருக்கிறது என்று காட்டுமே, அதுதான். யாரோ புதியது மாட்டிக்கொண்டு கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. கூடவே மூலையில் கீறல் விழுந்த ஒரு சின்னத் திரை. அப்புறம், "அக்கா கேட்டுச்சு," என்று சொல்லி ஒரு பொட்டலம் தூண்டில் முள். அப்பா அந்தப் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு முள்ளில் அக்கறையில்லை. நான் கேமராவை எடுத்து மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குன்றிமணி அளவு கண்ணாடி. இதற்குள் குவாரியே தெரியப்போகிறது!

வேலையை ஆரம்பித்தது அம்மாதான். கேமராவை உள்ளே வைக்க ஒரு பி.வி.சி. பைப் துண்டு, முன்னால் அடைக்க பழைய டார்ச் லைட்டின் வட்டக் கண்ணாடி, பின்னால் மூட ஒரு மூடி. பைப்பை வாசற்படியில் வைத்து மிதித்துக்கொண்டு ஆக்சா பிளேடால் அறுத்தாள். கர்ர் கர்ர் என்று சத்தம்தான் வந்தது, பிளேடு வழுக்கியது, அறுபட்ட இடமும் கோணிக்கொண்டு போனது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, போடாத டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராப் புடி," என்றார்.

அம்மா இன்னும் கோணலாக அறுத்தாள்.

"பிளேட உல்டாவா மாட்டியிருக்கற. பல்லு எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரில?"

"எனக்குத் தெரிஞ்ச லட்சணத்துக்கு அறுக்கறேன். வேணும்னா நீங்க வந்து அறுங்க."

அப்பா எழுந்தார். "தள்ளு," என்றார். பிளேடைத் திருப்பி மாட்டினார். பைப்பைச் சுற்றிக் காகிதத்தை வளைத்து, அதன் விளிம்பையே கோடாக வைத்து ஒரே சீராக அறுத்தார். எவர்சில்வர் டம்ளரின் வாய் மாதிரி வழவழவென்று வந்தது. அம்மா டீ போடுகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. பாதி வேலையில் விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று எனக்குக் கோபம்.

அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்த முடியவில்லை. கண்ணாடியைச் சிலிக்கான் பசை வைத்து ஒட்டினார். காயும்வரை தொடக்கூடாது என்றார், நான் தொட்டேன், என் விரல் ரேகை பதிந்துவிட்டது, திரும்ப ஒட்டினார். மூடியில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளை போட்டு வயரை வெளியே எடுத்தார். கேமராவின் வயரோடு நீள வயரைச் சேர்த்துப் பற்றவைப்பது அம்மாவின் வேலை. "மூச்சப் புடிச்சுக்க, புகை," என்று என்னிடம் சொல்லிவிட்டு, கண் இமைக்காமல் ஈயத்தைச் சொட்டாக வைப்பாள். மஞ்சள் வயர் படத்துக்கு, சிவப்பு வயர் பேட்டரிக்கு. வயர் எவ்வளவு நீளம் வேண்டும் என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அவ்வளவு சத்தமாக அவர்கள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது.

முதல் சோதனை பின்கட்டுத் தண்ணீர் டிரம்மில். துவைக்கும் கல்லின்மேல் திரையை நிறுத்தி, ஸ்கூட்டர் பேட்டரியில் வயரைக் கொடுத்தார் அப்பா. கேமரா தண்ணீரில் மூழ்க மறுத்து வாத்துபோல மிதந்தது. துருப்பிடித்த நட்டுகளைக் கம்பியில் கோத்து அதன் இடுப்பில் ஒட்டியாணம்போலக் கட்டியதும் அடக்கமாக உள்ளே போனது. திரையில் டிரம்மின் அடி தெரிந்தது! என்றோ காணாமல்போன சோப்பு டப்பா மூடி அங்கே கிடந்தது. நான் கையை உள்ளே விட்டேன். ராட்சசன் கை மாதிரி விரல்கள் திரையை நிறைத்தன. இடது கையை விட்டால் வலது பக்கத்திலிருந்து வந்தது. "கார்க் கண்ணாடி கணக்கு, அப்பிடித்தான் மாத்திக் காட்டும்," என்றார் அப்பா. அதைவிட வேடிக்கை, படத்தின்மேல் எப்போதும் மூன்று கோடுகள் இருந்தன. பச்சை என்றால் இன்னும் இடம் இருக்கிறது. மஞ்சள் என்றால் மெதுவாக வா. சிவப்பு என்றால் இடிக்கப்போகிறாய். டிரம்முக்குள்ளும் அது அக்கறையாக எச்சரித்துக்கொண்டே இருந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் மங்கிப் பால் நிறமாகிவிட்டது. கண்ணாடிக்குள் ஆவி. நான் அழுதுவிட்டேன். அப்பா அழவிடவில்லை. பைப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்து, "எங்க முட்டை வருது பாரு," என்றார். மூடியின் ஓரத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. நான்தான் கண்டுபிடித்தேன். அந்த இடத்தில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்து, மேலே எம்-சீல் பூசி இறுக்கினார். அம்மா என் புதுச் செருப்பு வந்த அட்டைப்பெட்டியிலிருந்து, தின்னக்கூடாது என்று எழுதியிருக்கும் சின்னப் பொட்டலத்தை எடுத்துவந்து உள்ளே போடச் சொன்னாள். ஈரத்தை அது குடித்துவிடுமாம். குடித்தது. அதன்பிறகு படம் மங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வண்டியில் கிளம்பினோம். பேட்டரி என் கால்களுக்கு நடுவில், கேமரா என் மடியில். அம்மா குவாரிக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"எங்க உக்காருவீங்க?" என்று கேட்டாள். அப்பா சரிவின் ஓரத்திலிருந்த தட்டைப் பாறையைக் காட்டினார். அம்மா அந்தப் பாறையையும் அதற்குக் கீழே இருந்த தண்ணீரையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். "சீக்கிரம் வாம்மா!" என்று நான் குதித்தேன்.

வெயிலில் திரை தெரியவில்லை. அம்மா தன் சால்வையை விரித்தாள். மூன்று தலைகளும் அதற்குள் போயின. வியர்வையும் பசை நாற்றமுமாக ஒரு குட்டி இருட்டு. அப்பா வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பச்சை. வெறும் பச்சை. தூசுபோல எதுவோ மிதந்தது. பிறகு பாறை விளிம்பு, அதில் பாசி. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, எங்களை உற்றுப் பார்த்து, வாயைத் திறந்து மூடியது.

"ஜிலேபி! ஜிலேபி மீனு!" என்று கத்தினேன். ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கூட்டமே வந்தது.

"பாத்தியா? இருக்குதுன்னு சொன்னேனா இல்லியா?" என்றார் அப்பா. அம்மா, "இருக்குது, இருக்குது," என்று தோல்வியைச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

"ஏமி சூஸ்துன்னாரு?" என்ன பார்க்கிறீர்கள் என்று தெலுங்கில் வெளியே ஒரு குரல் கேட்டது. ஆடு மேய்க்க வந்த தெலுங்கு பேசும் அக்கா ஒருவர், சால்வைக்குள்ளிருந்து கூச்சல் வருவதைக் கண்டு பயந்து போயிருந்தார். "சேபலு அக்கா, ரண்டி!" என்று, மீன் பார்க்க வரச் சொல்லி, அம்மா அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். நான்காவது தலை. "அம்மம்மா!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது திரையில் மிளகாய்த்தூளைக் கரைத்துவிட்டதுபோல ஒரு சிவப்பு மேகம் வந்தது. எல்லாம் பொடிப்பொடியாக நெளிந்தன. அப்பா குரலைத் தாழ்த்தினார். "விரால் குஞ்சு. பெருசு பக்கத்துலயேதான் இருக்கும். பேசாதீங்க."

பேசாமல் இருந்தோம். பச்சைக் கோட்டுக்கு அப்பால் ஒரு நிழல் அசைந்தது. தலை மட்டும் பாம்புத் தலைபோல இருந்தது. பச்சையைத் தாண்டியது. மஞ்சள். "இடிக்கப் போவுது!" என்றேன். சிவப்பு. திரை முழுக்க வாய்! அப்பாவின் கையிலிருந்த வயர் வெடுக்கென்று ஆடியது.

"இடிச்சிட்டான்! பிரேக்கே போடாம இடிச்சிட்டான்!" என்று அப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆட்டுக்கார அக்கா பாறையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சிரித்து முடித்துப் பார்த்தால் திரையில் வெறும் கல். விரால் இடித்ததில் கேமரா பாறை இடுக்கில் சிக்கிவிட்டது. இழுத்தால் வரவில்லை. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்.

அம்மா போட்ட அலறலை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஆடுகள் சிதறி ஓடின. அம்மா செருப்போடு தண்ணீருக்குள் பாய்ந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுங்க. கேமரா போனா போவுது. ஏறுங்க."

"முட்டி அளவுதான் தண்ணி இங்க..."

"ஏறுங்கன்னு சொல்றேன் இல்ல!"

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மெதுவான குரலில், "நான் எங்கயும் போவல," என்றார். "புரியுதா? எங்கயும் போவல."

இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தாள். யாரோ கழற்றிப் போட்ட ஒரு கேமராவுக்காக இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம். "எடுத்துடலாம்மா," என்று சமாதானம் சொன்னேன்.

எடுத்தும்விட்டோம். ஆட்டுக்கு இலை பறிக்கும் நீளத் தொரட்டியை அந்த அக்கா கொண்டுவந்தார். நான் சால்வைக்குள் இருந்துகொண்டு இடது, வலது என்று கத்த, படம் மாற்றிக் காட்டுவது மறந்துபோய் எல்லாம் தப்புத் தப்பாகச் சொல்ல, அப்பா பாறைமேல் குப்புறப் படுத்து தொரட்டியால் வயரை எதிர்ப்பக்கமாக நெம்பினார். அம்மா அவர் கால்களைப் பிடித்துக்கொண்டாள். கேமரா விடுபட்டு, குடைசாய்ந்து, வானத்தைக் காட்டிக்கொண்டே மேலே வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அன்று தூண்டில் போட்டு ஜிலேபி பிடித்தோம். விராலை விட்டுவிட்டோம். குஞ்சோடு இருப்பதைப் பிடிக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆட்டுக்கார அக்கா சும்மா போகவில்லை. அவர்கள் நிலத்துப் போர்வெல்லில் மோட்டார் அறுந்து விழுந்து கிடந்தது. அதற்குள்ளும் இதை விட முடியுமா என்று கேட்டார். அம்மா இன்னும் நீள வயர் சேர்த்து, உள்ளே இருட்டுக்கு ஒரு எல்.இ.டி. விளக்கும் பற்றவைத்தாள். அப்பா பைப்பை இன்னும் ஒல்லியாகச் செய்தார். மோட்டார் எந்த ஆழத்தில், எப்படிச் சாய்ந்து சிக்கியிருக்கிறது என்று திரையில் பார்த்து, கொக்கி போட்டு எடுத்தார்கள். அந்தப் பேச்சு பரவி, வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர்கள் வரை அப்பாவைத் தேடி வந்தார்கள். அப்பாவின் லீவு முடிந்தது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இன்று அவரிடம் போர்வெல் கேமரா மாட்டிய சொந்த வண்டி இருக்கிறது.

நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது, அப்பாவிடம் பல வருடம் வேலை வாங்கிவிட்டு ஒரே நாளில் கணக்கு முடித்து அனுப்பிய அந்தக் கம்பெனியைப் பற்றி அம்மா முதல்முறையாக என்னிடம் சொன்னாள். "ஒருநாளு வீடு கூட்டறப்ப தூண்டில எடுத்து ஓரமா வெச்சேன். நூல் இருக்குது, முள்ளே இல்ல. அப்ப என்னாத்துக்கு டெய்லி அங்க போய் உக்காந்திருக்கறாருன்னு..." அவரைக்காயில் நார் உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் கழித்து, "ஆக்சா பிளேடுக்குப் பல்லு எந்தப் பக்கம்னு எனக்கா தெரியாது?" என்றாள்.

ஆனால் அந்த வயதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: அம்மாவுக்குத் தண்ணீரென்றால் பயம். பள்ளிக்கூடத்தில் விரால் கதையைச் சொல்லும்போதெல்லாம் அதையும் சேர்த்தே சொல்வேன். அடுத்த வருடம் ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏற அம்மா மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள்தான் முதலில் ஏறினாள். அருவிச் சாரல் முகத்தில் அடிக்க, கையை ஆற்றுக்குள் விட்டு அப்பாமேல் தண்ணீரை வாரி இறைத்தாள்.

"உனக்குத் தண்ணி பயம் எப்பம்மா போச்சு?" என்று கேட்டேன்.

அப்பா எதிர்ப்பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஈரக் கையால் என் தலையைத் துடைத்துவிட்டு, "அன்னிக்கே போயிடுச்சு கண்ணு," என்றாள். பெரிய மீனை நேரில் பார்த்தால் பயம் போய்விடும்போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.