ஏரிக்கு மீன் வந்த வழி

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதிக்கு அப்பால் உள்ள ஏரியில் அந்த மீனை விட்டவன் நான். அது அங்கே எப்படி வந்தது என்று ஆய்விதழில் எழுதியவனும் நான்தான். எழுதியது பொய். அந்தப் பொய்யால் ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரின் பிழைப்பும் பெயரும் போயின.

என் மகள் கல்யாணமாகி பெங்களூருக்குப் போனபோது அவளுடைய மீன்தொட்டி எங்களிடம் தங்கிவிட்டது. தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் நான்கு மீன்கள் மட்டும் சாகவில்லை. கடைகளில் அவற்றை டேங்க் கிளீனர் என்பார்கள். அவை ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, தொட்டிக்குள் உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாமல் கிடந்தன. குடிக்கிற தண்ணீருக்கே காத்திருக்கும் ஊரில் மீன்தொட்டியைக் கழுவ என் மனைவிக்குப் பொறுமை இல்லை.

“கொன்னுடுங்க, இல்லன்னா எங்கியாவது விட்டுட்டு வாங்க” என்றாள்.

கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தி, தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். நான்கு மீன்களைக் கொல்ல மனம் வரவில்லை. பெயின்ட் வாளியில் போட்டு, ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஏரியில் விட்டேன். வெளிநாட்டு மீனை நம் நீர்நிலைகளில் விடக்கூடாது என்று அந்த வருடமும் வகுப்பில் சொல்லியிருந்தேன்.

ஓய்வு பெற்று ஆறேழு வருடம் கழித்து குத்தகைக்காரர் ஒரு கோணிப்பையோடு என் வீட்டுக்கு வந்தார். சுரங்கம் மூடியபோது வேலையிழந்தவர். அதற்குப் பிறகு ஏரிதான் அவருக்குச் சோறு போட்டது.

“சார், இது இன்னா பாருங்க. மீனா, ஓணானா? வலைய கிழிச்சுப் போட்டுடுச்சு. கெண்டை வர்ற எடத்துல இதுதான் வருது. நாய்கூட மோந்து பாத்துட்டுப் போவுது சார்.”

பையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, விசிறி போல முதுகுத் துடுப்பு. எனக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். இந்தப் பக்கத்து நீர்நிலைகளில் அந்த மீன் இருப்பதாக அதுவரை யாரும் பதிவு செய்யவில்லை. என் பெயரில் ஒரு கட்டுரைகூட வெளிவராமல் ஓய்வு பெற்றவன் நான்.

நான்கு மாதம் அவர் மீன் கொண்டுவந்தார். நீளம் அளந்தேன், துடுப்பு முட்களை எண்ணினேன், வயிற்றுப் புள்ளிகளைப் படமெடுத்தேன், ஃபார்மலின் ஜாடியில் போட்டு வைத்தேன். அளவுகோலைப் பிடித்துக்கொண்டவர் அவர்.

“எம் பேரு வருமா சார் அதுல?” என்று சிரித்தார்.

“வரும்யா” என்றேன்.

இப்படிப்பட்ட கட்டுரையில், அந்த இனம் அங்கே எப்படி வந்திருக்கும் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரிக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு, குத்தகைதாரர் வெளியூரிலிருந்து வாங்கி விட்ட மீன்குஞ்சுகளோடு கலந்து வந்திருக்கக்கூடும் என்று எழுதினேன். வேறு யாரும் அந்த ஏரியில் தொட்டி மீனை விட்டிருக்க முடியாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அதை மறைத்துவிட்டு, தெரியாத ஒன்றை அவர் தலையில் வைத்தேன்.

கட்டுரை வந்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் போட்டபோது ‘கூடும்’ போய்விட்டது. ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் கூடி, ஏரியைக் கெடுத்தவன் என்று அவரை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். குத்தகை போயிற்று. அவர் என்னிடம்தான் ஓடி வந்தார்.

“நான் விடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். படிச்சவங்க சொன்னா கேப்பாங்க.”

“விசாரிச்சுப் பாக்கறேன்” என்றேன். வாழ்நாளில் நான் சொன்னவற்றில் இதைவிடக் கேவலமான வார்த்தை வேறில்லை.

இரண்டு வருடம் கழித்து ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். செக்யூரிட்டி உடுப்பில், பெங்களூர் வண்டிக்காக நின்றிருந்தார். “நல்லா கீறீங்களா சார்?” என்று அவர்தான் முதலில் கேட்டார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். நானே விட்டேன் என்று மூன்று வரி. அதுவும் அச்சாயிற்று. அதன் நகலை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூர் மைன்ஸில், ‘லைன்’ என்கிற சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏரியைத் திரும்ப வாங்கித் தர நான் யாரிடம் வேண்டுமானாலும் வருகிறேன் என்றேன்.

“அந்த ஏரி எதுக்கு சார் இனிமே? அது பூரா உங்க மீனுதான் கீது.” பிறகு, “இங்கிலீசு பேப்பர் எங்க லைன்ல யாருக்குப் புரியும்? வெளிய வந்து வாயால சொல்லுங்க. எம் மச்சானே என்ன நம்பல” என்றார்.

வெளியே வந்தோம். குழாயடியில் இருந்தவர்களை அவர் கூப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். மீனை விட்டவன் நான், பொய் எழுதியவன் நான், இவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன்.

ஒரு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “காலேஜ் சாரு எவ்ளோ பெரிய மனசு பாரு! இவனக் காப்பாத்த, பழிய தம்மேல போட்டுக்கறாரு.”

“இல்லம்மா, நெஜமாவே நான்தான்...”

“உடுங்க சார்” என்றார் அவருடைய மச்சான். “உங்கள மாதிரி ஆளு ஏரியில போயி மீன் விடுவீங்களா? எங்களுக்குத் தெரியாதா?” பிறகு குத்தகைக்காரரைப் பார்த்து, “வயசானவர இட்டாந்து இப்படி நிக்க வச்சிருக்கியே, வெக்கமா இல்ல?” என்றார்.

அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி அவர்களிடம் நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. ஒருவர் எனக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

குத்தகைக்காரர் என் கையைப் பிடித்து ஸ்கூட்டர் வரை கூட்டிவந்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

“போங்க சார். இன்னாத்த சொன்னாலும் நல்ல பேரு உங்களுக்குத்தான் வருது. இனிமே இங்க வராதீங்க.”

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. அவர் என்னிடம் கேட்டவற்றில் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டியிருந்தது.