முகூர்த்தத்துக்கு மறுநாள் பிங்

"ஆசிரியைக்குப் பாடம் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் யோசித்து யோசித்துத்தான் பதில் சொல்கிறார்."

சிங்கப்பூரில் ஒரு பையனின் அம்மா என்னைப் பற்றி எழுதிய புகார் இது. 2009, ஆவணி மாதம். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்தவள் நான். ஏழாம் வகுப்புப் பின்னக் கணக்கைச் சொல்ல யோசிக்கிறேனாம். படித்தவுடன் என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அதற்கு முன் தேனிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இருந்தேன். சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டபோது திருப்பித் தரவில்லை. ஒரிஜினல் இல்லாமல் வேறு எந்தக் கல்லூரியும் என்னைச் சேர்க்காது. அந்தச் சமயத்தில் கிடைத்ததுதான் இணையத்தில் டியூஷன் எடுக்கும் வேலை. கம்பத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டே சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம். மதியம் ஒன்றரை மணியிலிருந்து மூன்றரை வரை. டியூஷன் கம்பெனிக்காரர்கள் என் சான்றிதழைக் கேட்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரு சோதனை வகுப்பு வைத்தார்கள், அருமையாகப் போனது, எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் மூன்று புகார் வந்தால் நீக்கிவிடுவோம் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அப்போது இருந்த ஒரே வேலை அது.

ஆவணி பிறந்த முதல் வாரமே இணைப்பில் குரல் கெட்டது. நான் கேள்வி கேட்பேன், பையன் பேசாமல் இருப்பான். புரியவில்லை போலிருக்கிறது என்று நான் மறுபடி ஆரம்பிக்கும்போது அவன் முதலில் சொன்ன பதில் வந்து என் பேச்சின் மேல் விழும். அவனும் நிறுத்துவான், நானும் நிறுத்துவேன். இரண்டு பேரும் ஒன்றாக மறுபடி ஆரம்பிப்போம். "டீச்சர், இருக்கீங்களா?" என்பான். இருக்கிறேனடா, இங்கேதான் கழுதை மாதிரி கத்திக்கொண்டிருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். நாலு நாள் கழித்து ஒருவர் வந்தார். வயர்லெஸ் மோடத்தின் மேல் அப்பா போட்டு வைத்திருந்த பூ வேலை செய்த துணியை எடுத்து ஓரமாக வைத்தார். தன் லேப்டாப்பை ஒயரில் மாட்டினார். ஒரு பக்கத்தைத் திறந்தார். வேகம் காட்டும் முள் ஒன்று ஏறி நின்றது.

"ஸ்பீடு வருதுல்ல மேடம்?"

"ஸ்பீடு இல்லங்க. நான் பேசுறது அங்கன லேட்டாப் போகுது."

"பாட்டு எறங்குதா?"

"பாட்டு எனக்கு எதுக்குங்க?"

"எறங்குதா இல்லையா, அதச் சொல்லுங்க."

"எறங்குது."

"அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு." கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா கொடுத்த மோரைக் குடிக்க மட்டும் மறக்கவில்லை. இறக்குவது போலவே வெளியே ஏற்றும் பக்கம் ஒன்று இருக்கிறது, அதிலும் தாமதம் என்று ஒன்று இருக்கிறது என்பதே அந்த மனிதனுக்குத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

சரி, நானே அளக்கிறேன் என்று உட்கார்ந்தேன். கணினியின் கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து ஒரு முகவரி கொடுத்தால், அங்கே ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். முதலில் என் அறையிலிருந்து கூடத்தில் இருக்கும் மோடம் வரைக்கும் அளந்தேன். நடுவில் பழைய கருங்கல் சுவர், கண்டிப்பாக அதுதான் காரணம் என்று நினைத்தேன். நாலு, ஐந்து, சில சமயம் பன்னிரண்டு. அது ஒன்றுமே இல்லை. வீட்டுக்குள் காற்றில் போகிற தகவலுக்கு ஒரு கேடும் இல்லை. பிறகு மோடத்தைத் தாண்டி வெளியே அளந்தேன். காலையில் அறுபது. மதியம் ஆயிரத்து எண்ணூறு. ஒருமுறை மூவாயிரத்தைத் தாண்டியது. மூன்று வினாடி! கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று வினாடி எடுக்கிறவளை யார் ஆசிரியை என்பார்கள்?

ஒரு கோடு போட்ட நோட்டில் கால் மணிக்கு ஒருமுறை எண்ணை எழுதினேன். இரண்டு வாரம். மின்வெட்டு நேரம் தவிர மீதி எல்லாம் எழுதினேன். எல்லா நாளும் கெடவில்லை. சில நாள் முழுக்க அறுபதிலேயே நின்றது. சில நாள் பதினொரு மணிக்கு ஏறியது நாலு மணி வரை இறங்கவில்லை. மழை பெய்த நாளா என்று பார்த்தேன், இல்லை. சந்தை நாளா என்று பார்த்தேன், இல்லை. இதற்குள் இரண்டாவது புகாரும் வந்துவிட்டது.

ஒரு காலை, தேதி பார்க்கச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். முகூர்த்த நாள் என்று போட்டிருந்த தேதிகள் கண்ணில் பட்டன. நோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுநாள் எண் ஏறியிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆடியில் ஏன் நன்றாக இருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆடியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்?

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா மகன் வீட்டுக்கும் ஒரே சுவர். அண்ணன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார், கல்யாண ஆல்பம்தான் அவர் பிழைப்பு. முன்பெல்லாம் படங்களைச் சிடியில் போட்டு மதுரை பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார். இப்போதெல்லாம் அவர் சிடியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போவதே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"அப்பா, நம்ம வயர்லெஸ் பாஸ்வேர்டை அண்ணனுக்குக் குடுத்தீங்களா?"

"கேட்டான், குடுத்தேன். நம்ம பயதான?"

"எத்தன நாளா?"

"ஆடிக் கடேசி இருக்கும். அதுக்கு என்னத்தா இப்ப?"

இரண்டு பேரையும் கூடத்தில் கூட்டிவைத்தேன். அண்ணன் முதல் நாள் கல்யாணத்தின் படங்களை அந்நேரமும் ஏற்றிக்கொண்டிருந்தார். திரையில் பிங் ஓடியது. ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரத்து நூறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

"அண்ணே, போய் நிறுத்திட்டு வாங்க."

போனார். இரண்டாயிரத்தில் நின்ற எண் எழுபதுக்கு விழுந்தது. அப்பாவுக்கு எண் புரியாவிட்டாலும் நாலு இலக்கம் இரண்டாகக் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் எதையும் எறக்கலையே தங்கச்சி. ஏத்தத்தான செய்றேன்?"

"அதான்ணே அடைக்குது."

"எறக்குனா ஒன் பங்கு கொறையும், ஒத்துக்கிறேன். நான் எங்கிட்ட இருக்கறத வெளிய தள்ளுறேன். இதுல ஒனக்கு என்ன நட்டம்?"

"வெளிய போற பாதை ஒத்தையடிப் பாதைண்ணே. அதுல நீங்க வாழைத்தார் லாரிய விட்டா நான் எப்படி நடக்க?"

"அவன் ஒண்ணும் எடுக்கலன்னு சொல்றான்ல ஆத்தா," என்றார் அப்பா. எடுக்காதவன் கெடுக்கவும் மாட்டான் என்பது இவர்கள் நியாயம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குலை திராட்சை எடுத்தால் பஞ்சாயத்து வைப்பார்கள். அதே தோட்டத்துப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனால் அது குற்றமில்லை, "அஞ்சு நிமிசம்".

கடைசியில் மதியம் ஒன்று முதல் நாலு மணி வரை ஏற்றுவதில்லை என்று அண்ணன் அப்பா முன்னால் ஒப்புக்கொண்டார். பாஸ்வேர்டை மாற்றுகிறேன் என்றேன். அப்பா விடவில்லை. "சொந்தத்துக்குள்ள கதவச் சாத்துற மாதிரி இருக்கும். ஒரு வார்த்த சொன்னா கேக்குறவன்தான்." நானும் விட்டுக்கொடுத்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையதுதான், வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மறுநாள், மதியம் இரண்டேகால். முதல் புகார் எழுதிய அம்மாவே அன்று பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கம்பெனியிலிருந்தும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் பிங்கைத் திறந்து வைத்திருந்தேன். அறுபத்திரண்டு, அறுபது, ஆயிரத்து நானூறு.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்ச் சுவருக்கு மேல் கத்தினேன். "அண்ணே! நிறுத்துங்க!"

"பொண்ணு வீட்டுக்காரவுக வந்து உக்காந்திருக்காக தங்கச்சி! அஞ்சு நிமிசந்தான், முடியப்போகுது!"

மோடத்தை அணைத்தால் அவர் நிற்பார், என் வகுப்பும் நிற்கும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது ஒருமுறை அணைந்துதான் வரும். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பையன் இரண்டு முறை "டீச்சர்?" என்று கேட்டிருந்தது அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது. சாயங்காலம் மூன்றாவது புகாரும் நீக்கிய கடிதமும் ஒன்றாக வந்தன. நோட்டில் இருந்த எண்களை எல்லாம் தட்டி அனுப்பினேன். அவர்கள் பதில் போடவில்லை.

அன்று இரவே மோடத்தில் வயர்லெஸ்ஸை மொத்தமாக அணைத்தேன். கூடத்திலிருந்து என் அறைக்குச் சுவரோரமாக ஒரு ஒயர் இழுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள் அண்ணன் வந்தார்.

"சிக்னலே காணோமே தங்கச்சி?"

"அணைச்சிட்டேன்ணே."

"எதுக்கு? கல்யாண ஆர்டர் கெடக்குத்தா."

"நான் ஒங்க கிட்டேருந்து எதையும் எடுக்கலையே. அணைக்கத்தான செஞ்சேன்? இதுல ஒங்களுக்கு என்ன நட்டம்?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். "வேலதான் போயிருச்சுல்ல ஆத்தா, லைன் சும்மாதான கெடக்கு? அவனுக்குக் குடேன்," என்றார்.

நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சிறிது நேரத்தில் அண்ணன் வண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது, சிடியோடுதான் போயிருப்பார். மணி இரண்டு. பிங் ஐம்பத்தெட்டு. நோட்டில் எழுதினேன். பாடம் கேட்கத்தான் யாரும் இல்லை.