மெழுகுச் சுவர்

வல்லத்திராக்கோட்டை செல்லமுத்து பம்பாய்க்குப் பக்கத்தில் ஓர் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிட்டராக இருந்தார். 1962-ல் அங்கே புதிதாக ஒரு நியூட்ரான் கருவியை நிறுவினார்கள். அணு உலைச் சுவரின் துளை வழியே வரும் நியூட்ரான் கற்றை ஒரு படிகத்தில் பட்டுச் சிதறும். எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று 'கவுண்டர்' என்ற எண்ணும் கருவி சுற்றிவந்து கணக்கெடுக்கும். வழிதவறி வரும் நியூட்ரான்கள் அதில் நுழையாமலிருக்க, சுற்றிலும் மெழுகுக் கட்டிகளை வார்த்து அடுக்கவேண்டும். அது செல்லமுத்துவின் வேலை.

அடுக்கி முடித்துக் கற்றையைத் திறந்தார்கள். படிகத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் கவுண்டர் ஓயாமல் ஓடியது. எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன், கோட்டைப்பட்டினத்து ஹனீபா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"எங்கிட்டோ கசியுது செல்லமுத்து. பூராத்தையும் பிரிக்கணும்."

"பிரிச்சிருவோம்ண்ணே."

அந்த வாரம்தான் ஊரிலிருந்து மகன் பிறந்த தந்தி வந்திருந்தது. லீவு கேட்டார். முதலில் கருவி சரியாக ஓடட்டும், பிறகு போகலாம் என்றார்கள். மறுபடி மெழுகைக் காய்ச்சினார், வார்த்தார், அடுக்கினார். சோற்றிலும் மெழுகு வாடை அடித்தது. மழைக்காலம் போனது, கசிவு நிற்கவில்லை. கட்டிகளின் இடுக்குகள் ஒரே நேராக இருப்பதுதான் கோளாறு என்று கடைசியில் கருவிக்குப் பொறுப்பான பொறியாளர் கண்டுபிடித்து, செங்கல் வைப்பதுபோல் மாற்றி வைக்கச் சொன்னார். இன்னொரு தடவை எல்லாவற்றையும் இறக்கி ஏற்றினார்கள்.

இம்முறை ஒரே ஒரு கோணத்தில் மட்டும் எண்ணிக்கை ஏறி இறங்கியது. ஹனீபா திரும்ப ஓட்டிப் பார்த்தார். அதே கோணம். யாரும் கைதட்டவில்லை. பொறியாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சரியா இருக்கு. நீ ஊருக்குப் போப்பா" என்றார் ஹனீபா.

ஊரில் மனைவி அமராவதி தனியாளாகக் கடலை பறித்துக் காயப்போட்டிருந்தாள். மகன் தவழத் தொடங்கியிருந்தான். செல்லமுத்து தூக்கியதும் வீறிட்டு அழுதான்.

"புது ஆளுல்ல, பழகிருவான்" என்று வாங்கிக்கொண்டாள். "மிஷினு ஓடுதாங்க?"

"ஓடுது."

பையனை இடுப்பில் இருத்திக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஒண்டியா முடியலைங்க. நெலத்தக் குத்தகைக்கு விட்ருவோம். நாங்களும் வாரோம்."

"அங்க ஒத்த ரூமுதான். தண்ணிக்கு வரிசையில நிக்கணும்."

"நின்னுக்கிறேன்."

நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். லீவு முடிந்ததும் மூவரும் ரயிலேறினார்கள். திருச்சி தாண்டியும் பையன் அழுதுகொண்டே இருந்தான். விழுப்புரம் வருமுன் ஓய்ந்துபோய் அப்பா மடியிலேயே தூங்கிவிட்டான். செல்லமுத்துவுக்குக் கால் மரத்துப்போனது. நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.