ஷீட் வீட்டின் மேல் மோடம்

ஏப்ரல் இருபத்தெட்டு, மாலை ஆறு மணி. ஒக்கலிபுரத்தில் எங்கள் ஷீட் கூரை வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் உலையடியில் வேலை செய்யும் அப்பா, முந்தின நாள் அனல் தாங்காமல் மயங்கி விழுந்திருந்தார். உடம்பு இன்னொரு முறை சூடேறினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தொம்மலூரில் சித்தி இருப்பது மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம்; வெயில் உள்ளே இறங்காது. அங்கே அழைத்துப்போகத்தான் ஆட்டோ.

அப்பா வானத்தைப் பார்த்தார். மேகம் திரண்டிருந்தது.

“மோடம் போட்டுருக்கு பாரு. நைட்டு சில்லுனு ஆயிடும். ஆட்டோவ அனுப்பிடு.”

மேகத்துக்கு எங்கள் வீட்டில் கன்னடச் சொல்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு மோடம் என்றால் மழை, மழை என்றால் குளிர். அந்த நம்பிக்கையில் நாங்கள் மின்விசிறிகூட வாங்கியதில்லை.

அந்த வாரம் நான் ஓர் அறிவியல் பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பகலில் சூடேறிய கூரையும் தரையும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகின்றன. வானம் தெளிந்து உலர்ந்திருந்தால் அவற்றில் ஒரு பகுதி காற்றைக் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். மேகம் கவிந்திருந்தால் அது அவற்றை உள்வாங்கிக்கொண்டு, தன் வெப்பத்தைக் கீழே அனுப்பும்.

“மழை பெய்யலன்னா மோடம் சூட்ட மேல போக விடாதுப்பா. ஷீட் சீக்கிரம் ஆறாது.”

“தமிழ் எம்.ஏ. படிக்கிறவ மழை ஜோசியம் சொல்றா, கேட்டுக்கோ!” என்று அம்மாவிடம் சிரித்தார். “சும்னே இரும்மா. ஃபர்னஸையே பாத்தவன் நான்.”

“ஏங்க, ஒரு ராத்திரிதானே?” என்றாள் அம்மா.

“உன் தங்கச்சி வீட்ல போய்ப் படுக்கணுமா? மானம் போயிடும்.”

ஆட்டோ திரும்பிப் போயிற்று.

மழை பெய்யவில்லை, காற்றும் நின்றுவிட்டது. கூரையை நோக்கிக் கையை உயர்த்தினால் அடுப்பருகே நீட்டியது போலிருந்தது. ஈரத்துணியை அப்பாவின் மார்பில் மாற்றி மாற்றிப் போட்டோம். விடிவதற்கு முன்பே அவருக்குப் பேச்சு குழறியது. என்னைத் தன்னுடன் வேலை செய்பவன் என்று நினைத்துக்கொண்டார்.

“ஃபர்னஸ் டோர மூடுடா, அனல் அடிக்குது.”

மருத்துவமனை வாசலை அடைவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

காலையில் உடலைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள் கிடத்த அம்மா பாய் விரித்தாள். நான் அதைச் சுருட்டி எடுத்துச்சென்று, எதிரிலிருந்த மாடி வீட்டின் நிழலில் விரித்தேன்.