செத்த கம்பெனிகளின் கணக்கு

அத்திம்பேரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகமில்லை. சாப்பாட்டு மேஜைமேல் அவர் அடுத்தடுத்து நிறுத்திவைத்திருந்த இரண்டு கம்ப்யூட்டர் திரைகள்தான். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட வாங்கிய மேஜை. திரைகள் வந்தபிறகு அக்கா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். கரமனையில் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடிப் போர்ஷனுக்கு, ஆபீஸ் பஸ் பிடிக்கப் போகிற வழியில் தங்கை நான் தினமும் எட்டிப் பார்ப்பேன். ஒரு திரையில் ஒரு மென்பொருள், மற்றதில் இன்னொன்று. ஒரே பங்கின் விலையை இரண்டிலும் வரவழைத்து, எது முந்துகிறது என்று மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்க வந்தபோதுகூட அக்காவை இத்தனை நேரம் பார்த்ததில்லை என்று நான் சொன்னால், அவள் மட்டும் சிரிப்பாள்.

தம்பானூரில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் கொடுத்த தொகையோடு, அக்ரஹாரத்து வீட்டை விற்றதில் அவர் பங்குக்கு வந்ததும் சேர்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். அக்காவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை அது. சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் அனுமதி கேட்காத வீடு. கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆகும், மிச்சப் பணத்தை அப்போது கொடுத்தால் போதும் என்றார்கள். அந்த இரண்டு வருஷம் பணத்தைச் சும்மா தூங்கவிட அத்திம்பேருக்கு மனசு வரவில்லை.

எதையும் விசாரிக்காமல் இறங்குகிற மனிதரில்லை அவர். சாலைக் கடைத்தெருவில் வெண்டைக்காயைக்கூட ஒவ்வொன்றாக நுனி ஒடித்துத்தான் எடுப்பார். பங்குகளைச் சலித்துத் தருகிற மென்பொருட்களையும் அப்படித்தான் ஒடித்துப் பார்த்தார். இலவசமாகக் கிடைத்ததில் விலை கால் மணி நேரம் தாமதமாக வரும்; அது ஆகாது. இரண்டாவதற்கு வருஷச் சந்தா. விலை உடனுக்குடன் வந்தது, நிபந்தனைகளை இஷ்டம்போலக் கோக்கலாம், கோத்ததைப் பழைய விலைகளில் ஓட்டி, அன்றே வாங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்றும் பார்க்கலாம். மூன்றாவது இதேதான், ஆனால் விலை இரண்டு மடங்கு. ஏன் என்று கேட்டேன். திவாலாகிச் சந்தையைவிட்டே போன கம்பெனிகளின் பழைய விலைகளையும் சேர்த்துத் தருகிறார்களாம்.

அன்றைக்கு அமாவாசை. தர்ப்பணம் முடித்து, விரலில் எள் ஒட்டியிருக்க, ஈர வேஷ்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்குமுன் மூன்று தலைமுறைக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தாக வேண்டும். ஒரு அமாவாசைகூட அவர் தவறவிட்டதில்லை. அந்தக் கையாலேயே மூன்றாவது மென்பொருளை மூடிவிட்டு, இரண்டாவதற்குச் சந்தா கட்டினார்.

"செத்துப்போன கம்பெனியோட கணக்கு நமக்கு என்னத்துக்குடீ? உசிரோட இருக்கறதைத்தானே வாங்கப் போறோம், கேட்டியா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் கோத்த விதி எளிமையானது. நன்றாக விழுந்துகிடக்கிற பங்கு, ஆனால் கைமாறுகிற எண்ணிக்கை கூடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்டதை வாங்கிப் பொறுமையாக இருப்பது. பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தால் பச்சைக் கோடு மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. அக்காவைச் சமையல் உள்ளிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். முதலில் வாங்கிய சிலது ஏறவும் செய்தன, பால்பாயசம் வைத்தாள். அப்புறம் ஒரு கம்பெனி அகப்பட்டது. விழுந்தது, விதி வாங்கு என்றது, வாங்கினார். மறுபடி விழுந்தது, விதி மறுபடியும் வாங்கு என்றது. ஃப்ளாட்டுக்கான பணம் முழுக்க அந்த ஒன்றுக்குள் போயிற்று. பிறகு கம்பெனி திவாலாகி, வர்த்தகத்தை நிறுத்தி, கடைசியில் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டார்கள். ஃப்ளாட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

அதற்கப்புறம் அவர் யாரோடும் சண்டை போடவில்லை, அழவுமில்லை. தினமும் காலையில் திரைகளைப் போட்டுக்கொண்டு உட்காருவார். எங்கே பிசகினேன், எங்கே பிசகினேன் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு அதே விதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார். ஒவ்வொரு தடவையும் பச்சை. ஒரு வருஷத்துக்குள் போய்விட்டார். சந்தைதான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன், சர்க்கரையும் பிரஷரும் முன்பே இருந்தன. ஆனால் அவர்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. செத்தவர்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம், போங்கள்.

போன அமாவாசைக்குச் சென்னையிலிருந்து அக்கா பிள்ளை வந்திருந்தான். உள்ளே தர்ப்பணம் நடந்துகொண்டிருந்தது. தாத்தா பெயருக்கு முன்னால் இப்போது அப்பா பெயர். நான் கூடத்தில், அதே வாடகைப் போர்ஷனில், அதே மேஜைமுன் உட்கார்ந்திருந்தேன். திரைகளை எடுக்க அக்கா விடவில்லை. என்னவோ தோன்றி அவர் வைத்திருந்த அந்த இரண்டாவது மென்பொருளைத் திறந்தேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சில நாள் இலவசம். அத்திம்பேரின் விதியைக் கோத்து, அவர் பணம் போட்ட வருஷங்களும் உள்ளே வரும்படி ஓட்டினேன். பச்சைக் கோடு ஏறியது. முன்னைவிட உயரமாக.

பின்னால் அக்கா நின்றிருந்தாள்.

"அப்போ அவர் போட்ட கணக்கு சரியாத்தானே இருந்திருக்கு?"

அந்தக் கம்பெனி பெயரை அடித்துப் பார் என்றாள். அடித்தேன். அப்படி ஒரு நிறுவனம் இல்லை என்று வந்தது. எழுத்தைச் சரிபார்த்து மறுபடி அடித்தேன். இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்து எழுந்தவை மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. விழுந்து எழாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, நடந்து வெளியே வருகிறவர்களை மட்டும் எண்ணினால் அங்கே ஒருத்தரும் சாவதில்லை. அத்திம்பேர் வேண்டாமென்று மூடிய அந்த மூன்றாவதில், விழுந்தே போனவை அத்தனையும் இருந்திருக்கும். அவர் விதி அதில் இப்படிப் பச்சையாக ஏறிக்கொண்டே போயிருக்காது. அவரை விழுங்கின கம்பெனியும் இன்று பட்டியலில் இல்லாததால்தான் கோடு இன்னும் உயரமாகப் போகிறது.

இதை எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளை அப்பா பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த ஒற்றை வரியை விரல் வைத்து மெதுவாகப் படித்தாள்.

"அப்படி ஒண்ணு இல்லவே இல்லையா? அப்போ என் வீடு எதுலடீ போச்சு?"