எச் தெருவுக்குத் தண்ணீர் போன காலை

1. மல்லாட்டைக் கொல்லையில் ஒரு ஊர்

விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். நான் வால்வு ஆப்பரேட்டராக வேலைக்குச் சேர்ந்ததும் அதே வருஷம்தான். மாவட்டம் வந்தது, பின்னாலேயே ஆபீசுகள் வந்தன, குமாஸ்தாக்களும் டீச்சர்களும் வந்தார்கள். அத்தனை பேருக்கும் வீடு வேண்டுமே என்று ஊருக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லைகளை, அதாவது வேர்க்கடலை நிலங்களை, மட்டம் தட்டி ஒரு பெரிய குடியிருப்பு கட்டினார்கள். ஏ தெருவில் ஆரம்பித்து எச் தெருவில் முடியும்.

அங்கே தண்ணீர் விட்ட முதல் நாள் எங்கள் ஜூனியர் இன்ஜினியர் ஜே.ஈ. வால்வு திறக்கும் நீள இரும்புச் சாவியை என் கையில் கொடுத்தார். "இந்தாய்யா, இது யார் கையில இருக்குதோ அவன்தான் இந்த ஊருக்கு கலெக்டர். ஆனா திட்டு வாங்குறதும் அவன்தான்" என்றார். மனுஷன் பொய் சொல்லவில்லை.

எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே மஞ்சள் பெயிண்ட். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் விருந்தாளிகள் பக்கத்து வீட்டில் புகுந்து, காப்பியும் குடித்து முடித்த பிறகுதான் வீடு மாறியது தெரிந்து எழுந்து வருவார்கள். வீட்டுக்காரர்களும் சிரித்துக்கொண்டே வழி காட்டி விடுவார்கள். காலையில் வால்வைத் திறந்ததும் தெருத் தெருவாகக் குடம் இடிபடும், துணி துவைக்கும் சத்தம் எழும்பும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

2. மோட்டார்

கொஞ்ச வருஷத்தில் வீடுகள் மாடி வீடுகளாயின. முன் தெருக்காரர்கள் தண்ணீர் லைனிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்ச ஆரம்பித்தார்கள். எச் தெரு டெய்ல் எண்ட், லைனின் கடைசி வால். அங்கே குழாயில் காற்றுதான் வந்தது. அந்தத் தெருவில் எல்லாம் மாடி எழும்பாத வீடுகள், அவற்றை மலிவாக வாங்கிக் குடிவந்த கூலி வேலைக்காரர்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏ தெரு முனைப் பொதுக்குழாய் வரை நடப்பார்கள். அந்தக் குழாய்க்குத் திருகு கிடையாது. நான் வால்வை மூடினால்தான் நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை, எச் தெருக் கடைசி வீட்டுக் கஸ்தூரி என் பம்ப் ரூமுக்கே வந்துவிட்டாள். சித்தாள் வேலை பார்ப்பவள். புருஷன் ஏழுமலை கொத்தனார். மோட்டார் காலத்தில்தான் அந்த வீட்டை வாங்கிக் குடி வந்திருந்தார்கள்.

"அண்ணே, இந்த டேங்க் கட்டும்போது கலவை சொமந்தவ நானு. வயித்துல புள்ளய வச்சிக்கினு சொமந்தேன். இதுலேருந்து ஒரு சொம்புத் தண்ணி என் ஊட்டுக்கு வரல. அவரு ஊட்ட விக்கிறேன்னு நிக்கிறாரு. ஞாயித்துக்கெழம பார்ட்டி வந்து பாக்குறாங்க."

"அவசரப்படாதம்மா."

"இத்தினி வருசம் பொறுத்தது அவசரமாண்ணே? எனுக்கு மனசே இல்ல. எங்க வம்சத்துலயே சொந்தமா தாப்பா போட்டுப் படுத்த மொத ஊடு இது."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். நேராக ஏ தெருவுக்குப் போய் வீடு வீடாக மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "எல்லாரும் நிறுத்தட்டும், நானும் நிறுத்துறேன்" என்று அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஜே.ஈ.யிடம் போனேன். "எழுதிக் குடுய்யா, மேல அனுப்புறேன்" என்றார். மேலே போனது எது கீழே வந்திருக்கிறது?

3. அந்தோணியின் மரக்கிளை

எங்கள் ஏரியா கரண்ட் லைன்மேன் அந்தோணி டீக்கடையில் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டான்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? மோட்டாருக்குச் சோறு எது? கரண்ட்டுதானே! ஏ, பி தெரு பூரா மரக்கிளை லைன்ல உரசிக்கினு இருக்குது. ஷட்டவுன் வாங்கிக்கினு வெட்டுன்னு ஆபீஸ்ல கத்திக்கினே இருக்காங்க. நீ தண்ணி தொறக்கற நேரத்துக்கே அத வச்சிக்கிறேன், போய்யா."

சனிக்கிழமை காலை டேங்க் நிரம்பியிருந்தது. அந்தோணி கரண்டை நிறுத்தி அரிவாளோடு மரத்தில் ஏறினான். நான் வால்வைத் திறந்துவிட்டு சைக்கிளை எச் தெருவுக்கு மிதித்தேன்.

தெருவில் ஈ, காக்கா இல்லை. எல்லா வீட்டிலும் பூட்டு. அத்தனை பேரும் வழக்கம்போல ஏ தெருவுக்குக் குடம் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்! ஒரு சொட்டு வந்தாலும் வீணாகக் கூடாதென்று எச் தெருவில் எல்லாரும் வீட்டுக் குழாயை எப்போதும் திறந்தே வைத்து, அடியில் பக்கெட் வைத்திருப்பார்கள். அந்தக் குழாய்களில் எல்லாம் முழு பிரஷரில் தண்ணீர். கதவிடுக்கு வழியாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் செருப்பு மிதந்து போயிற்று.

ஐயையோ என்று சைக்கிளைத் திருப்பினேன். "ஓடியாங்க! எச் தெருவுல தண்ணி!" என்று ஏ தெருக் குழாயடியில் போய்க் கத்தினேன்.

"ஆமா, கூடவே பாலும் வந்திருக்கும், போண்ணே" என்றாள் கஸ்தூரி.

சைக்கிள் சக்கரம் வாரியடித்த தண்ணீரில் என் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் ஓடினார்கள், குடத்தையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு.

கஸ்தூரி பூட்டைத் திறந்தாள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். பாய் நனைந்து, அரிசி மூட்டை பாதி ஊறியிருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாய் முன்னால் போய் நின்றாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இது எந்தப் பக்கம் திருப்புனா மூடும்?"

நானே போய் மூடினேன். பின்னாலேயே ஓடி வந்த ஏழுமலை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்ட்டிய வர வேணாம்னு சொல்லிட்றியா?" என்றாள் கஸ்தூரி.

"வரட்டுமே" என்று லுங்கியை மடித்துக் கட்டினான் அவன். "வந்து ஊட்டத் தொடச்சிட்டுப் போவட்டும்."

தெருவே சிரித்தது. மரக்கிளையைத் தினமும் வெட்ட முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் தண்ணீர் போகும் என்பதை ஊரே பார்த்துவிட்டது. எச் தெருக்காரர்கள் நனைந்த பாய்களோடு எங்கள் தண்ணீர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அடுத்த கோடைக்கு முன்னால் அவர்களுக்கு டேங்கிலிருந்தே தனி லைன் வந்தது. ஏழுமலை வீடு இன்றும் ஏழுமலை வீடுதான்.

நான் ரிட்டயர் ஆகும்போது, என் இடத்துக்கு வந்த தம்பியிடம் சாவியைக் கொடுத்து இதைத்தான் சொன்னேன்: வால்வைத் திறந்ததும் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதே. கடைசி வீடு வரைக்கும் போ. அங்கே இருப்பவர்களுக்குக் குழாயை மூடத் தெரிகிறதா என்று பார்.